நாய்களுக்கு இல்லம் அமைத்த மேரி டீல்பி அம்மையார்

தோற்றுவாய்

நம் மொழியில் ஒருவனை இழித்துரைக்க வேண்டின் நாவில் முதலில் வந்து நிற்குஞ் சொற்களுள் ஒன்று ‘நாய்’ என்பது. அச்சொல்லை அமைத்து ஒரு வாக்கியம் எழுதுக என்று பள்ளிச் சிறுவர்க்குக் கட்டளையிட்டால், அவற்றுட் பல வசையாகவே முடிதல் காண்கின்றோம். எனினும் இதே தமிழ்நாட்டில், திருவண்ணாமலையை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதன்கண் வீரன் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அதனை வெட்டுவித்தோர், நன்றி மறவா உயிர்க்குப் பெயரிட்டுக் கல்லில் நிறுத்துதலை இழிவென்று கருதினாரல்லர். பாரதக் கதையிலும் தருமபுத்திரன், தன்னைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டுத் துறக்கம் புக உடன்படாது நின்றான்.

ஆகவே நாயை வைதலும் நம்மிடம் உண்டு, வாழ்த்துதலும் உண்டு. வைதற்கு நா ஒன்றே போதும். வாழ்த்துதற்கும் அஃதே போதும். ஆனால் தெருவிற் பசித்துக் கிடக்கும் நாய்க்கு இடங்கொடுத்து, உணவிட்டு, அதற்கு ஓர் ஆதரவாளரைத் தேடிக் கொடுக்கும் பணியை நாள் தவறாது நடத்துதற்கு நா மட்டும் போதாது. நெஞ்சுரமும் கைப்பொருளும் கணக்குப் புத்தகமும் வேண்டும். இம்மூன்றையும் கொண்டு, உலகம் நகைப்பதைப் பொருட்படுத்தாது அப்பணியைத் தொடங்கிய ஆங்கில மாது ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் மேரி டீல்பி.

அக்காலத்து இலண்டன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் மாநகரம் உலகின் பெருநகரங்களுள் தலைமை பெற்று விளங்கிற்று. 1861-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். செல்வம் ஒருபுறமும் வறுமை மறுபுறமுமாக அந்நகரம் வளர்ந்தது. செல்வர் மனைகளில் நாய்கள் மெத்தையிலே துயின்றன. தெருவிலோ உரிமையாளர் இழந்தனவும், வேண்டாவென்று துரத்தியனவுமாகிய நாய்கள் எலும்புந்தோலுமாய்த் திரிந்து மடிந்தன.

விலங்குகளைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் அப்பொழுதே இல்லாமலில்லை. 1822-இல் ஆடுமாடு குதிரைகளை வதைத்தலைத் தடுக்கும் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. 1824-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றிற்று. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களையும் தன் காவலுக்குள் கொணர்ந்தது. நாய்களைப் பூட்டி வண்டியிழுக்கச் செய்தலும் முதலில் இலண்டனிலும், 1854-இல் நாடு முழுவதிலும் விலக்கப்பட்டது.

இவையெல்லாம் நற்சட்டங்களே. ஆயினும் அவற்றில் ஒரு குறை உண்டு. அடிப்பவனைத் தண்டிக்கச் சட்டத்தால் இயலும். அடிப்பவர் எவருமின்றிப் பசியால் மடியும் உயிர்க்கு அது யாது செய்யும்? குற்றவாளி இல்லாத துன்பத்தின்முன் நீதிமன்றம் கைகட்டி நிற்கும். அவ்விடத்தில் வேண்டப்படுவது தண்டனையன்று. ஒரு கூரையும் ஒரு கலத்து உணவுமே. இதனை உணர்ந்து செயலில் இறங்கியதே டீல்பி அம்மையாரின் பெருமையாகும்.

அம்மையாரின் வாழ்க்கை

இவர் 1801-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஹண்டிங்டன் என்னும் ஊரிற் பிறந்தார். பிறந்த குடிப்பெயர் பேட்ஸ் என்பது. 1829-இல் ஹல் துறைமுகப் பட்டினத்து மரவணிகராகிய ராபர்ட் சாப்மன் டீல்பி என்பாரை மணந்தார். அம்மணவாழ்க்கை இறுதிவரை நிலைபெறவில்லை. கணவரைப் பிரிந்து இலண்டனுக்கு வந்து, வடபகுதியாகிய ஹாலோவேயில் தம் பிறந்த குடும்பத்தாரோடு வாழலாயினார். இவருடைய உடன்பிறந்தார் எட்வர்ட் பேட்ஸ் என்னும் பாதிரியார், பின்னர் இவர் தொடங்கிய பணியிலும் துணைநின்றார்.

அக்காலத்து ஆங்கில நாட்டில் மணமான மகளிர்க்குத் தனிச்சொத்துரிமை இல்லை என்றே கூறலாம். அவ்வுரிமையைப் படிப்படியாக வழங்கிய சட்டங்கள் 1870-லும் 1882-லுமே வந்தன. பெண்டிர்க்கு வாக்குரிமையும் இல்லை. கணவரைப் பிரிந்து வாழும் மாதினை ஊரார் எங்ஙனம் நோக்கியிருப்பர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 58 வயதில், பெருஞ்செல்வமும் அரசியல் வலிமையும் இன்றி, இவர் ஒரு பொதுநிலையம் காணத் துணிந்தார். முடிசூடிய வேந்தர் அறஞ்செய்தலும், இத்தகையோர் அறஞ்செய்தலும் ஒரு தராசில் நிறுக்கத் தக்கனவல்ல.

இல்லம் தோன்றிய வகை

1860-ஆம் ஆண்டு அம்மையார் கேனன்பரி என்னுமிடத்தில் வாழ்ந்த தம் தோழியார் சேரா மேஜர் என்பவரின் மனைக்குச் சென்றிருந்தார். அங்கு அடுக்களையில் ஒரு நாய் குற்றுயிராய்க் கிடந்தது. தெருவிற் பசியால் வீழ்ந்து கிடந்த அதனைத் தோழியார் எடுத்து வந்திருந்தார். அம்மையார் அந்நாயைத் தம் இல்லத்துக்குக் கொண்டுசென்று, இரவுபகல் பாராது பேணினார். எனினும் அது பிழைக்கவில்லை.

பிழையாத அந்நாயே பின்வந்த இலக்கக் கணக்கான நாய்கள் பிழைத்தற்குக் காரணமாயிற்று. ஒன்று இறந்ததே என்று வருந்தி ஓய்ந்திருப்பின் அது வெறும் இரக்கமாய் முடிந்திருக்கும். இன்னும் எத்தனை இவ்வாறு கிடக்கின்றனவோ என்று எண்ணியமையால் அது பணியாக மாறிற்று. தெருவிற் கண்ட நாய்களை அம்மையார் தம் வீட்டின் பின்கட்டில், பாத்திரங் கழுவும் அறையில் வைத்துக் காக்கத் தொடங்கினார். சின்னாளில் அவ்விடம் போதாதாயிற்று. அண்மையில் ஹாலிங்ஸ்வொர்த் தெருவின் புறத்தேயிருந்த குதிரைலாயத்தை அமர்த்தி, 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ‘வழிதவறிய பட்டினி நாய்களுக்கான தற்காலிக இல்லம்’ என்ற பெயரால் நிலையத்தைத் திறந்தார்.

அப்பெயரை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘தற்காலிக’ என்ற அடைமொழி வீணாக வைக்கப்பட்டதன்று. நாய்களைக் கூட்டி அடைத்து வைப்பது அவர் நோக்கமன்று. இழந்தவரிடம் மீட்டளித்தலும், இழந்தவர் இல்லையாயின் நல்லாரிடம் ஒப்புவித்தலுமே நோக்கமாகும்.

அதே ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள், பால்மால் தெருவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தாரின் அலுவலகத்தில் இல்லத்துக்கென ஒரு குழு கூடிற்று. விதிகள் வகுக்கப்பட்டன. நாயைத் தேடி வரும் உரிமையாளர், அதனைப் பேணிய செலவைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். சந்தா செலுத்தும் உறுப்பினரது நாயாயின் கட்டணமின்றித் திருப்பித் தரப்படும். 14 நாட்களுக்குள் உரிமையாளர் வாராவிடின், குழுவின் ஆணைப்படி அது விற்கப்படும். அன்றி வேறுவகையில் முடிவு செய்யப்படும்.

ஓர் அருட்செயலுக்கு இத்தனை விதிகள் வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே விடை. விதி இல்லாத இல்லத்தில் நாய்கள் நிறையும், பணம் குறையும், தொடங்கியவர் சோர்வார், கதவு அடைபடும். இரக்கம் ஊற்றுப் போன்றது. விதி கரை போன்றது. கரையில்லா ஊற்று சேறாகுமேயன்றி ஆறாகாது.

ஏளனமும் அதற்கு விடையும்

இல்லம் திறந்து மூன்று கிழமை நிறைவதற்குள், 1860 அக்டோபர் 18-ஆம் நாள், ‘டைம்ஸ்’ என்னும் பெரும் நாளிதழ் இம்முயற்சியை எள்ளி எழுதிற்று. நாய்களுக்கு இல்லம் என்று கேட்டபொழுது, அதனை அமைத்தோரும் ஆதரிப்போரும் அறிவு திரியாமல் இருக்கின்றனரோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது என்பது அதன் கருத்து. வீடற்ற மாந்தர் நகரில் நிறைந்திருக்க, நாய்க்கு இரங்குவது மிகையென்பது பலருடைய எண்ணமாயிருந்தது.

அம்மையார் பத்திரிகையோடு வழக்காடிக் காலங்கழிக்கவில்லை. இல்லத்தை நடத்தினார். இரண்டாண்டுகளுக்குள் காற்று மாறி வீசிற்று. 1862-இல் இஸ்லிங்டன் பகுதியில் நாய்க் கண்காட்சி ஒன்று சிறப்பாக நடந்தது. அதனையும் ஹாலோவே இல்லத்தையும் ஒப்பிட்டு, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய கிழமை இதழில் ‘இரண்டு நாய்க் காட்சிகள்’ என்ற பொருள்பட ஒரு கட்டுரை பெயரின்றி வெளிவந்தது. டிக்கன்ஸே எழுதியது என்று அது நெடுங்காலம் கருதப்பட்டது. பரிசு பெற்ற நாய்களின் செருக்கையும், ஆளற்ற நாய்களின் ஏக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டி, அவ்வெளிய இல்லத்தை மதிக்கச் செய்தது அக்கட்டுரை. நகைத்த நகரம் நன்கொடை தரக் கற்றது.

பேகனை முன்னிட்டு ஒரு வினா

இனி, ‘மக்கள் துன்புற, விலங்குக்கு இரங்குவதோ’ என்ற வினாவை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. நம் முன்னோரும் இதனை வினவியுள்ளனர்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயில் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்களித்தான். பரணர் அவன் ஈகையைக் கொடைமடம் என்று சிறப்பித்தார். அதே பேகன் தன் மனைவியாகிய கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் தங்கினான். அப்பொழுது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர் நால்வர், பரிசில் வேண்டாது, அவள் துயர்தீர்க்க வேண்டி அவனைப் பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. மயிலுக்கு இரங்கியவன் மனையாட்கு இரங்காதது என்னை என்பதே அவர்தம் முறையீட்டின் உட்கிடை.

ஈண்டு ஒன்றை நோக்குக. புலவர்கள் மயிலுக்குக் கொடுத்த போர்வையைப் பறித்துக் கண்ணகிக்குக் கொடு என்று கூறினாரல்லர். மயிலளவு சென்ற அருள் மனையளவும் செல்க என்றே வேண்டினர். அருளைக் குறைக்கும்படி கேளாது, விரிக்கும்படி கேட்டனர். இதுவே அவ்வினாவுக்குத் தக்க விடையாகும்.

மேல்நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. அமெரிக்காவில் 1866-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பாரின் துணைகொண்டே, 1874-இல் நியூயார்க்கில் வதையுண்ட ஒரு சிறுமி மீட்கப்பட்டாள். அதன் விளைவாகக் குழந்தைகளைக் காக்கும் சங்கமும் அங்குத் தோன்றியது. அச்சங்கத்தைக் கண்டு வந்த தாமஸ் அக்னியூ என்னும் லிவர்பூல் வணிகர் தம் ஊரிலும் அத்தகையதொன்று காண விழைந்தார். 1882-இல் அவ்வூரில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தார் கூடிய கூட்டத்தில் நாய்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்ற வேண்டுகோள் எழுந்தது. அதுவே குழந்தைகளைக் காக்க வேண்டும் என்ற வேண்டுகோளாகவும் விரிந்தது. மறு ஆண்டில் லிவர்பூலிலும், 1884-இல் இலண்டனிலும் குழந்தை வதைத் தடுப்புச் சங்கங்கள் தோன்றின. 1889-இல் குழந்தைகளைக் காக்கும் சட்டமும் பிறந்தது.

நாய்க்கு இரங்கிய கூட்டத்திலிருந்தே குழந்தைக்கு இரங்கும் சங்கம் பிறந்ததென்றால், அவ்விரக்கம் மக்களுக்குரியதைக் களவாடிற்று என்பது எங்ஙனம் பொருந்தும்? ஓருயிர்க்குத் திறந்த கதவு மற்றோருயிர்க்கு அடைபடுவதில்லை. அருள் பங்கிடக் குறையும் பண்டமன்று.

மறைக்கலாகாத துயரம்

வரலாறு எழுதுவோன் இனியவற்றை மட்டும் எழுதுதல் நேர்மையன்று. இல்லத்துக்கு வந்த நாய்கள் யாவும் பிழைத்தன என்று எண்ணற்க. நோயுற்றனவும் கொள்வாரற்றனவும் பெருகியபொழுது அவற்றுட் பலவற்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. விதியில் ‘வேறுவகையில் முடிவு செய்யப்படும்’ என்றிருந்ததன் கடும்பொருள் இதுவே. 1884-இல், துன்பமின்றி உயிர்போக்குதற்கென்று மருத்துவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் வகுத்த நச்சாவி அறை ஒன்று அவ்வில்லத்தில் அமைக்கப்பட்டது.

இதற்கு வெறிநோயின் அச்சமும் ஒரு காரணம். அம்மையார் வாழ்ந்த நாளில் வெறிநாய்க்கடிக்கு மருந்தில்லை. லூயி பாஸ்டர் 1885-இல்தான் தம் தடுப்பூசியை முதன்முறை ஒரு சிறுவனுக்கு இட்டு உயிர்காத்தார். தெருநாய் என்றால் மரணம் என்று அஞ்சிய காலத்தில், அந்நாயைக் கையால் தூக்கிவந்து ஊட்டிய பெண்மணியின் துணிவு எத்தகையது என்பதை இதனால் அறியலாம். வாய்ப்பூட்டு ஆணைகளாலும் பிற கட்டுப்பாடுகளாலும் 1902-இல் பிரிட்டனில் அந்நோய் ஒழிந்தது. 1918-இல் மீண்டும் தலைகாட்டி 1922-இல் அடங்கிற்று.

மறைவும் இல்லத்தின் வளர்ச்சியும்

அம்மையார் புற்றுநோயால் வருந்தி, 1865-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், பிகிள்ஸ்வேட் என்னும் ஊரில் உறவினர் இல்லத்தில் உயிர்நீத்தார். அவ்வூரிலேயே அடக்கஞ்செய்யப்பட்டார். இல்லம் திறந்த நாளுக்கும் அவர் மறைந்த நாளுக்கும் இடையே கழிந்தவை ஐந்தாண்டும் ஒரு நாளுமே. அரசியாரின் ஆதரவையோ, அகன்ற கட்டடத்தையோ அவர் கண்டாரல்லர். குதிரைலாயமும், அண்டை வீட்டாரின் முணுமுணுப்பும், நாய்களின் குரைப்புமே அவர் கண்ட புகழ்.

ஆயினும் இல்லம் அவரோடு மறையவில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டன் தெருக்களில் ஆளற்றுத் திரியும் நாய்களைப் பிடிக்கும் உரிமையைக் காவற்படைக்கு அளித்தபின், அவர் பிடித்த நாய்களும் அவ்வில்லத்துக்கே வரலாயின. 1871-இல் இல்லம் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பேட்டர்சி என்னுமிடத்துக்குப் பெயர்ந்தது. 1883-இல் பூனைகளையும் ஏற்கத் தொடங்கியது. 1885-இல் விக்டோரியா மகாராணியார் அதன் புரவலராயினார். முதல் உலகப்போரில், போர்முனைச் செய்தி கொண்டு செல்லப் பழக்கப்பட்ட நாய்களுட் சில இவ்வில்லத்தினின்றும் சென்றவை. வேண்டாவென்று தள்ளப்பட்ட உயிர் ஒரு நாட்டுக்கே துணைநின்றது. தொடக்கமுதல் இன்றளவும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களும் பூனைகளும் அங்கு ஆதரவு பெற்றுள்ளன.

நம் நாட்டில்

இக்கட்டுரை படிப்போருட் சிலர், ‘எங்கள் தெருவில் நாய்க்கடிபட்ட குழந்தையை நீர் கண்டதுண்டோ’ எனக் கேட்பர். கேட்பது நியாயமே. நாய்க்கடியால் வரும் வெறிநோய் இன்றும் நம் நாட்டில் உயிர்களைக் கொள்ளைகொள்கின்றது. அதற்கென்றே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. கடிபட்டவர் புண்ணை உடனே சோப்பிட்டு நீரால் நெடுநேரம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவரிடஞ் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் அலட்சியம் கூடாது.

ஆனால் அச்சத்துக்கு மருந்து வெறுப்பன்று, ஒழுங்கே. 1959-இல் சென்னையில் கேப்டன் சுந்தரம் என்பாரும் அவர் குடும்பத்தாரும் தோற்றுவித்த புளூ கிராஸ் சங்கம், கொல்வதற்கு மாறாகக் கருத்தடையும் தடுப்பூசியுமே தக்க வழி என்று நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது. 2001-இல் இந்திய அரசு அவ்வழியை விதியாக வகுத்தது. 2023-இல் அவ்விதிகளைப் புதுப்பித்தது. தெருவிற் பிள்ளையும் பிழைக்க வேண்டும், நாயும் பிழைக்க வேண்டுமாயின், ஊரார் சினத்தாலோ வெற்றிரக்கத்தாலோ பயனில்லை. ஊசியும் கணக்கும் உழைப்பும் வேண்டும். சோற்றை வீசிவிட்டுப் போதல் அருளாகாது; அந்நாய்க்கு ஊசி போடப்பட்டதா என்று கேட்பதே அருளின் முதிர்ச்சி.

முடிவுரை

டீல்பி அம்மையாரின் வரலாற்றில் பொதுப்பணி புரிவார் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, கண்முன் கிடந்த ஒன்றிலிருந்து தொடங்கினார். பெருநிதி திரளட்டும் என்று காத்திருக்கவில்லை. இரண்டாவது, ஏளனத்துக்கு மறுமொழியாகத் தம் பணியையே காட்டினார். மூன்றாவது, பணியைத் தம்மோடு கட்டிவையாது குழுவிடம் ஒப்புவித்தார்.

இம்மூன்றனுள் மூன்றாவதே அரியது. நம்மிடையே சங்கங்கள் பல தோன்றுகின்றன. தொடங்கியவர் உள்ளவரை விளக்கு எரியும். அவர் கண்மூடியவுடன் பெட்டியின் திறவுகோல் ஒருவரிடமும் கணக்கு மற்றொருவரிடமுமாய் அச்சங்கம் அவிந்து போகும். ஐந்தே ஆண்டு பணிபுரிந்த ஒரு மூதாட்டியின் இல்லம் நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்பதற்குக் காரணம், அவர் தம் பெயரை அதன்மேல் எழுதாது, விதியையும் பொறுப்பையும் அதனுள் எழுதிவைத்தமையே.

எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாயின் பெயர் நிலைத்தது. பேட்டர்சியிலோ பெயரறியாத இலட்சக் கணக்கான நாய்களின் உயிர்கள் நிலைத்தன. கல்நாட்டிப் போற்றியதும் அறமே; கதவு திறந்து வைத்தது அதனினும் பேரறம். அவ்வறம் நம் ஊர்தோறும் தழைக்குமாக.